முனைவாக்கிய ஹீலியம்-3 வாயு இலக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூட்ரானின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க, எலக்ட்ரான் கற்றையை அதன் மேல் மோதவிட்டு, சிதறி வருவதை அளக்கிறார்கள். அந்த மோதலுக்கு முன்னால் வைக்கும் பொருளுக்கு 'இலக்கு' என்று பெயர். இந்தத் துறையில் அந்த இலக்கு ஒரு கண்ணாடிக் கலம். அதற்குள் அழுத்தி அடைத்த ஹீலியம்-3 வாயு இருக்கும், அதன் அணுக்கருக்களின் தற்சுழற்சி (ஸ்பின்) ஒரே திசையில் திருப்பப்பட்டிருக்கும். இப்படித் திருப்புவதுதான் முனைவாக்கம். இயற்பியல் படிக்கும் மாணவர்களும் அறிவியலில் ஆர்வமுள்ளவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

நியூட்ரானை ஆராய வேண்டுமென்றால் நியூட்ரானையே இலக்காக வைக்கலாமே? ஹீலியம் எதற்கு?

தனித்த நியூட்ரான் நிலைத்து நிற்பதில்லை. அதன் சராசரி ஆயுள் ஏறக்குறைய 880 நொடி, அதாவது கால் மணி நேரம்கூட இல்லை. அதற்கு மின்னூட்டமும் கிடையாது என்பதால் மின்புலத்தால் பிடித்து ஒரு பெட்டியில் அடர்த்தியாகக் குவிக்கவும் முடியாது. ஆகவே அணுக்கருவுக்குள் ஏற்கெனவே இருக்கும் நியூட்ரானைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஹீலியம்-3 அணுக்கருவில் இரண்டு புரோட்டான், ஒரு நியூட்ரான். அந்த இரண்டு புரோட்டான்களின் தற்சுழற்சியும் பெரும்பாலும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். மிஞ்சுவது நியூட்ரானின் தற்சுழற்சிதான். ஹீலியம்-3 அணுக்கருவை ஒரு பக்கம் திருப்பினால் நியூட்ரானை அந்தப் பக்கம் திருப்பியதற்கு ஏறக்குறைய சமம். துல்லியமாகச் சொன்னால், அணுக்கரு 100% முனைவாக்கம் பெற்றிருந்தால் நியூட்ரானுக்கு அதில் சுமார் 87% கிடைக்கும். புரோட்டான் ஒவ்வொன்றுக்கும் எதிர்த்திசையில் 3%க்கும் சற்றுக் குறைவாக ஒட்டிக்கொள்ளும். இந்தச் சின்னத் திருத்தம் நன்றாகக் கணக்கிடப்பட்ட ஒன்று. பகுப்பாய்வில் அதைக் கழித்துவிடுகிறார்கள்.

டியூட்டீரியம் எனப்படும் கன ஹைட்ரஜனிலும் ஒரு நியூட்ரான் இருக்கிறதே?

இருக்கிறது, அதையும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் டியூட்டீரியத்தில் புரோட்டானும் நியூட்ரானும் ஒரே திசையில் சுழல்கின்றன. அளந்ததில் புரோட்டானின் பங்கு எது, நியூட்ரானின் பங்கு எது என்று பிரிப்பது பெரிய வேலை. புரோட்டானின் விளைவு பொதுவாகப் பெரியது என்பதால், அதைக் கழித்த பிறகு நியூட்ரானுக்குக் கிடைக்கும் எண்ணில் பிழை பெருகிவிடும். தவிர, டியூட்டீரியம் கொண்ட திட இலக்குகளுக்குச் சுமார் 1 கெல்வின் குளிரும் 5 டெஸ்லா காந்தப்புலமும் வேண்டியிருக்கும். ஹீலியம்-3 வாயுவுக்கு 25 காஸ் போன்ற மெல்லிய புலம் போதும், அதாவது 5 டெஸ்லாவில் 2000இல் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய புலம் உள்ளே வரும் எலக்ட்ரானையும் வெளியே போகும் துகளையும் பெரிதாக வளைக்காது.

இரண்டு வகை இலக்கிலும் அளந்து ஒப்பிடுவதுதான் நல்லது. ஒன்று மற்றதற்குச் சாட்சி.

'60% முனைவாக்கம்' என்றால் என்ன பொருள்?

தற்சுழற்சி மேல் நோக்கி இருக்கும் அணுக்கருக்களின் எண்ணிக்கையிலிருந்து கீழ் நோக்கி இருப்பவற்றைக் கழித்து, மொத்தத்தால் வகுத்தால் வருவது முனைவாக்கம். 100 அணுக்கருவில் 80 மேலே, 20 கீழே என்றால் 60%.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்றால், ஒரு குறிப்பிட்ட துல்லியத்தை எட்டத் தேவைப்படும் கற்றை நேரம் முனைவாக்கத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கிறது. 40% இலக்கை 60% ஆக்கினால் அதே அளவீட்டை 2.25 மடங்கு குறைந்த நேரத்தில் முடித்துவிடலாம். முடுக்கியில் கற்றை நேரம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்களுக்கு இந்த 2.25இன் அருமை புரியும்.

குளிர்வித்துக் காந்தப்புலத்தில் வைத்தால் தானே திரும்பிக்கொள்ளாதா?

கொள்ளும், ஆனால் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அறை வெப்பநிலையில் 25 காஸ் புலத்தில் வைத்தால், வெப்பத்தின் அலைக்கழிப்பை மீறி மிச்சப்படும் முனைவாக்கம் நூறு கோடியில் சில அணுக்கரு மட்டுமே. கெல்வினில் ஆயிரத்தில் சில பங்கு அளவுக்குக் குளிர்வித்து, பல டெஸ்லா புலம் கொடுத்தால் நல்ல முனைவாக்கம் வரும். ஆனால் அங்கே எலக்ட்ரான் கற்றை கொண்டுவந்து கொட்டும் வெப்பத்தைத் தாங்க முடியாது. ஆகவே அறை வெப்பநிலையிலோ அதற்கு மேலோ வேலை செய்யும் வேறு வழி தேவைப்பட்டது. அந்த வழி ஒளி.

லேசர் ஒளி எப்படி அணுக்கருவைத் திருப்புகிறது?

நேரடியாகத் திருப்புவதில்லை, இடையில் ஒரு தரகர் உண்டு. அது ருபீடியம்.

கலத்துக்குள் ஹீலியத்தோடு ஒரு துளி ருபீடியம் உலோகம் வைத்திருப்பார்கள். அது 39 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். கலத்தை 170, 180 டிகிரிக்குச் சூடாக்கினால் கொஞ்சம் ருபீடியம் ஆவியாகி ஹீலியத்தோடு கலக்கும். அதன் மேல் 795 நானோமீட்டர் அலைநீளமுள்ள, வட்டத் தளவிளைவு கொண்ட லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். அந்த ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானும் ஒரே திசையில் கோண உந்தத்தைச் சுமந்து வருகிறது. ருபீடியத்தின் வெளிக்கூட்டில் தனியாக நிற்கும் எலக்ட்ரான் கீழ் நோக்கி இருந்தால் ஃபோட்டானை விழுங்கும், மேல் நோக்கி இருந்தால் விழுங்க முடியாது. விழுங்கிய எலக்ட்ரான் திரும்பக் கீழே இறங்கும்போது சில நேரம் மேல்நோக்கிய நிலைக்கு வந்து சேரும். அங்கே வந்துவிட்டால் ஒளி அதைத் தொடாது. இப்படியே நடந்து, கண் இமைக்கும் நேரத்துக்குள் ருபீடியம் அணுக்களில் 90%க்கு மேல் ஒரே பக்கம் திரும்பிவிடுகின்றன. இதற்கு ஆப்டிகல் பம்பிங் என்று பெயர். இந்தக் கருத்தை வளர்த்த ஆல்ஃபிரெட் காஸ்ட்லருக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்புறம்தான் பொறுமை தேவைப்படும் கட்டம். ருபீடியம் அணு ஹீலியம் அணுவோடு மோதும்போது, ருபீடியத்தின் எலக்ட்ரான் ஒரு கணம் ஹீலியத்தின் அணுக்கருவுக்குள்ளேயே எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது. அந்தக் கணத்தில் இரண்டும் தற்சுழற்சியை மாற்றிக்கொள்ள மிகச் சிறிய வாய்ப்பு உண்டு. வாய்ப்பு அவ்வளவு சிறியது என்பதால் ஹீலியம் நிரம்பப் பல மணி நேரம் ஆகிறது. இப்படித் தற்சுழற்சி பரிமாறப்படுவதை 1960இல் பூஷியா, கார்வர், வார்னம் ஆகிய மூவரும் முதலில் காட்டினார்கள். அப்போது லேசரே இந்த வேலைக்கு வரவில்லை. விளக்கொளியை வைத்துத்தான் செய்தார்கள், கிடைத்த முனைவாக்கமும் மிகச் சிறியது.

கலத்துக்குள் நைட்ரஜனும் இருக்கும் என்கிறார்களே?

ஆமாம், ஹீலியத்தில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு. ஒளியை விழுங்கிய ருபீடியம் அந்த ஆற்றலைத் திரும்ப ஒளியாகவே உமிழ்ந்தால், திசையும் தளவிளைவும் கலைந்த அந்த ஒளியைப் பக்கத்து ருபீடியம் விழுங்கித் தன் தற்சுழற்சியைக் கெடுத்துக்கொள்ளும். நைட்ரஜன் மூலக்கூறு அதற்கு முன்பே மோதி, ஆற்றலைத் தன் அதிர்வாக வாங்கிக்கொள்கிறது. வேலை நடக்கிறது, ஆனால் எலக்ட்ரான் கற்றை நைட்ரஜன் மேலும் மோதுவதால் அந்தப் பங்கைப் பின்னால் கழிக்க வேண்டும்.

பொட்டாசியத்தை ஏன் சேர்த்தார்கள்?

ருபீடியத்திடம் உள்ள குறை, அது ஹீலியத்தோடு மோதும்போது பெரும்பாலும் தற்சுழற்சியைக் கொடுக்காமல் வீணடித்துவிடுவது. ஒரு ஹீலியத்தைத் திருப்ப ஏராளமான ஃபோட்டான்கள் செலவாகும். பொட்டாசியம் இதில் ஏறக்குறைய 10 மடங்கு சிக்கனமானது. ஆனால் நல்ல சக்திவாய்ந்த, மலிவான லேசர்கள் ருபீடியத்தின் அலைநீளத்தில்தான் கிடைத்தன.

தீர்வு இரண்டையும் கலப்பது. லேசர் ருபீடியத்தைத் திருப்பும். ருபீடியம் பொட்டாசியத்தோடு மோதி நொடிப்பொழுதில் தற்சுழற்சியைக் கைமாற்றிவிடும். பொட்டாசியம் அதை ஹீலியத்துக்குக் கொண்டுசேர்க்கும். பொட்டாசியம் ஆவியாக அதிக வெப்பம் வேண்டும் என்பதால் இந்தக் கலப்புக் கலங்களை 230 டிகிரி அளவில் வைக்கிறார்கள். முன்பு அரை நாளுக்கு மேல் பிடித்த பரிமாற்றம் சுமார் 5 மணி நேரத்துக்கு இறங்கியது.

கூடவே லேசரும் மாறியது. பழைய டயோடு லேசர்களின் ஒளி 2 நானோமீட்டர் அகலத்துக்குப் பரவிக் கிடக்கும், அதில் பெரும்பகுதி ருபீடியத்துக்கு உதவாது. அதை 0.2 நானோமீட்டருக்குள் குறுக்கிய லேசர்கள் வந்தபோது, அதே வாட்டில் உபயோகமான ஒளி பல மடங்கானது. கலப்புக் கலம், குறுகிய லேசர் இரண்டும் சேர்ந்துதான் 40% பக்கத்தில் நின்றிருந்த இலக்கை 55, 60 சதவீதத்துக்குத் தூக்கின.

எல்லோரும் லேசரைப் பற்றிக் கேட்கிறார்கள். இந்தத் துறையினர் மட்டும் ஏன் கண்ணாடியைப் பற்றியே பேசுகிறார்கள்?

ஏனென்றால் இலக்கின் தலைவிதி கண்ணாடியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன்.

ஹீலியத்துக்குத் தற்சுழற்சி வந்துகொண்டே இருக்கிறது, அதே நேரம் போய்க்கொண்டும் இருக்கிறது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்: வரவும் செலவும் சமமாகும் மட்டத்தில் நின்றுவிடும். ஒரு சின்னக் கணக்கு. பரிமாற்றத்துக்கு 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். தற்சுழற்சி தேய்ந்துபோகும் ஆயுள் 30 மணி நேரம் என்றால், ருபீடியத்தின் முனைவாக்கத்தில் 86% ஹீலியத்துக்குக் கிடைக்கும். ஆயுள் 10 மணி நேரமாக இருந்தால் 67%தான். லேசரை இரட்டிப்பாக்கினாலும் இந்த 67ஐ 86 ஆக்க முடியாது. ருபீடியம் ஏற்கெனவே கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பியிருக்கிறதே!

செலவு எங்கெல்லாம் நடக்கிறது? முதலாவது, ஹீலியம் அணுக்கள் தமக்குள் மோதும்போது அவற்றின் சின்னஞ்சிறு காந்தங்கள் ஒன்றையொன்று அசைத்துவிடுகின்றன. இதைத் தவிர்க்கவே முடியாது. அறை வெப்பநிலையில் வளிமண்டல அழுத்த அடர்த்திக்கு இந்த ஆயுள் சுமார் 807 மணி நேரம். அடர்த்தி 10 மடங்கானால் ஆயுள் 80 மணி நேரமாகக் குறையும். இரண்டாவது, காந்தப்புலம் சீராக இல்லாவிட்டால், கலத்துக்குள் அலையும் அணு ஒவ்வொரு இடத்திலும் சற்றே வேறான திசையைப் பார்த்துக் குழம்பும். சிதறி வரும் துகள்களை வளைத்து அளக்க, பக்கத்தில் நிற்கும் பெரிய நிறமாலைமானிக் காந்தங்கள் இதற்கு எமன். புலத்தின் மாறுபாடு சென்டிமீட்டருக்குச் சில பத்து மில்லிகாஸுக்குள் இருக்க வேண்டும் என்று திருத்தச் சுருள்களை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் மல்லாடுவார்கள். மூன்றாவது, எலக்ட்ரான் கற்றை வாயுவை அயனியாக்குவதால் வரும் இழப்பு.

நான்காவதுதான் சுவர். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் இரும்பு போன்ற காந்தத்தன்மையுள்ள மாசு ஒன்றின் பக்கத்தில் ஹீலியம் அணு வந்துபோனாலே தற்சுழற்சி கலைந்துவிடும். பைரெக்ஸ் போன்ற போரோசிலிக்கேட் கண்ணாடியில் ஹீலியம் உள்ளே ஊடுருவி, அங்கேயே கொஞ்ச நேரம் தங்கிவிட்டு வரும், தங்கும் நேரமெல்லாம் இழப்பு. அதனால்தான் ஊடுருவல் குறைந்த அலுமினோசிலிக்கேட் கண்ணாடிக்கு மாறினார்கள். அதிலும் ஜிஇ-180 என்ற வகை மிகவும் பேர்போனது. ஹாலோஜன் விளக்குகளுக்காகத் தயாரிக்கப்பட்ட கண்ணாடி அது.

அப்படியானால் கலத்தை எப்படிச் செய்கிறார்கள்?

கையால், நெருப்பில். ஆலையிலிருந்து வரும் கண்ணாடிக் குழாயை அப்படியே பயன்படுத்துவதில்லை. கண்ணாடிக் கலைஞர் அதைக் கடைசல் இயந்திரத்தில் சுற்றவிட்டு, உருக்கி, வேறு விட்டத்துக்கு ஊதி எடுப்பார். உருகிய மேற்பரப்பு புதிதாகி, பழைய அழுக்கும் நுண்ணிய கீறலும் மறைந்துபோகும். இந்த ஒரு வேலை கலத்துக்குள் தற்சுழற்சியின் ஆயுளைப் பல மணி நேரம் கூட்டக்கூடியது. இவ்வளவு நுட்பமாக ஊதத் தெரிந்தவர்கள் உலகிலேயே மிகச் சிலர். ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலில் அவர்கள் பெயர் முன்வரிசையில் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்புறம் கலத்தை வெற்றிடக் குழாய்களோடு இணைத்து, பல நாள் சூடாக்கிக்கொண்டே காற்றை உறிஞ்சுவார்கள். சுவரில் ஒட்டிய நீராவியும் ஆக்சிஜனும் வெளியேற வேண்டும். ருபீடியத்தையும் பொட்டாசியத்தையும் தீச்சுவாலையால் விரட்டி விரட்டி, குழாய் வழியே ஆவியாக்கிக் கலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். வெள்ளிப் பூச்சாகக் கண்ணாடியில் படிந்து, சுவாலை நெருங்கும்போது அடுத்த இடத்துக்கு நகர்ந்து போவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கடைசியில் ஒரு சிக்கல் வரும். உள்ளே 8, 10 வளிமண்டல அழுத்தம் இருக்கும்போது கண்ணாடியை உருக்கி மூட முயன்றால் உருகிய இடம் வெளியே பிதுங்கி வெடித்துவிடும். அதனால் கலத்தைத் திரவ ஹீலியத்தில் முக்குகிறார்கள். அந்தக் குளிரில் உள்ளிருக்கும் வாயு சுருங்கி, அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். அப்போது கழுத்துப் பகுதியைச் சுவாலையால் உருக்கினால், வெளிக்காற்றின் அழுத்தமே கண்ணாடியை உள்ளே தள்ளி மூடிவிடும். பிறகு கலம் அறை வெப்பநிலைக்கு வரும்போது முழு அழுத்தமும் திரும்பும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகுதான் தற்சுழற்சியின் ஆயுளை அளக்கவே முடியும். ஒரே கண்ணாடி, ஒரே ஆள், ஒரே முறை என்றிருந்தாலும் ஒரு கலத்தில் அது 50 மணி நேரம் தாங்கும், அடுத்ததில் 15இல் நின்றுவிடும்.

படங்களில் கலத்துக்கு இரண்டு அறைகள் தெரிகின்றன. ஏன்?

மேலே இருக்கும் உருண்டையில் ஆவியும் லேசரும். கீழே இருக்கும் நீண்ட குழாய்க்குள் எலக்ட்ரான் கற்றை. அமெரிக்காவின் ஜெஃபர்சன் முடுக்கி ஆய்வகத்தில் பல காலம் பயன்பட்ட கலங்களில் இந்தக் குழாய் 40 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் விட்டம். கற்றை நுழையும் முனையில் கண்ணாடியின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கண்ணாடியில் மோதிச் சிதறுபவை அளவீட்டில் வேண்டாத இரைச்சல் என்பதால் அவ்வளவு மெல்லியதாக ஊதுகிறார்கள். சூடான ஆவியைக் கற்றையிலிருந்து விலக்கி வைக்க இரண்டு அறைகளும் பிரிந்திருக்கின்றன.

பழைய வடிவத்தில் இரண்டையும் ஒரே குழாய் இணைத்தது. மேலே திருப்பப்பட்ட ஹீலியம் தானாகப் பரவித்தான் கீழே வர வேண்டும். கற்றையின் மின்னோட்டம் 15 மைக்ரோஆம்பியர் அளவில் இருந்தவரை இது தாங்கியது. அதற்கு மேல் போனால், கற்றை கீழே கெடுக்கும் வேகத்துக்கு மேலிருந்து சரக்கு வந்து சேராது. எனவே இரண்டு இணைப்புக் குழாய்கள் வைத்து, அதில் ஒன்றை மட்டும் சூடாக்கினார்கள். சூடான பக்கம் வாயு மேலேறும், மறுபக்கம் இறங்கும். பம்ப்பும் இல்லை, அசையும் பாகமும் இல்லை, வாயு தானே சுற்றிவரும். எளிமையான யோசனை, ஆனால் 30 மைக்ரோஆம்பியரையும் அதற்கு மேலும் தாங்கும் இலக்குகளுக்கு அதுதான் வழி திறந்தது.

முனைவாக்கம் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

இரண்டு வழிகளில், ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்த்து.

முதல் வழி அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு. ஹீலியம்-3 அணுக்கருவின் தற்சுழற்சி அச்சு, ஒரு காஸ் புலத்துக்கு 3.24 கிலோஹெர்ட்ஸ் வீதம் பம்பரம் போலத் தலைசுற்றும். 91 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையைப் போட்டுவிட்டு, காந்தப்புலத்தை 25 காஸிலிருந்து மெல்ல உயர்த்தினால், 28 காஸைக் கடக்கும்போது எல்லா அணுக்கருவும் ஒரு சேரக் கவிழும். பக்கத்துச் சுருளில் அழகான ஒரு முகடு எழும். அதன் உயரம் முனைவாக்கத்துக்கு நேர்விகிதம். ஆனால் எத்தனை மில்லிவோல்ட்டுக்கு எத்தனை சதவீதம்? அதற்குத் தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள். அதே வடிவக் கலத்தில் தண்ணீரை நிரப்பி அதே அளவீட்டைச் செய்வார்கள். தண்ணீரிலுள்ள புரோட்டான்களின் வெப்பச் சமநிலை முனைவாக்கம் எவ்வளவு என்பது கணக்கிலிருந்து துல்லியமாகத் தெரியும்: நூறு கோடியில் ஏழெட்டு. ஹீலியத்தின் சைகையைவிட இது லட்சம் மடங்குக்கும் மேல் சிறியது. நூற்றுக்கணக்கான முறை புலத்தை ஏற்றி இறக்கிச் சராசரி எடுத்தால்தான் இரைச்சலுக்கு மேல் தலைகாட்டும்.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. திரும்பி நிற்கும் ஹீலியமே ஒரு சிறு காந்தம். அது உண்டாக்கும் புலத்தைக் கலத்துக்குள்ளேயே இருக்கும் ருபீடியமோ பொட்டாசியமோ உணரும். அவற்றின் ஒத்ததிர்வு அதிர்வெண் மெகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், ஹீலியத்தால் அது சில பத்து கிலோஹெர்ட்ஸ் நகரும். ஹீலியத்தைக் கவிழ்த்து மறுபடி அளந்தால் நகர்வு எதிர்ப்பக்கம் போகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து முனைவாக்கம் கிடைத்துவிடும். ஒத்ததிர்வைக் கண்டுபிடிப்பதற்கு ருபீடியம் உமிழும் 780 நானோமீட்டர் ஒளியைப் பார்ப்பார்கள். 795இல் பார்த்தால் லேசரின் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது. எனவே ஒரு வடிகட்டியைப் போட்டு, பக்கத்து நிறத்தில் கசியும் மங்கலான ஒளியில் ஏற்படும் சிறு மாற்றத்தைப் பிடிக்கிறார்கள்.

கலம் வெடிக்குமா?

வெடிக்கும். 10 வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தத்தில், 200 டிகிரிக்கு மேல் சூட்டில், தாளைப் போல் மெல்லிய முனைகளோடு, கற்றையின் அடியையும் வாங்கிக்கொண்டு நிற்கும் கண்ணாடி அது. கற்றையில் பல வாரம் தாங்கிய கலம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சிதறுவது இத்துறையில் எல்லோருக்கும் பழகிய துக்கம். கலத்தின் அருகே போகும்போது முகக்கவசமும் காதடைப்பும் கட்டாயம். கற்றை ஒரே புள்ளியில் குத்தாமல் சில மில்லிமீட்டர் பரப்பில் வேகமாக அலையவிடுவதும், முனைகளின் மேல் குளிர்ந்த ஹீலியத்தை ஊதுவதும் கலம் உடையாமல் நிற்கும் காலத்தைக் கூட்டும். மாற்றுக் கலங்களை முன்கூட்டியே செய்து, அளந்து, வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள்.

ருபீடியம் இல்லாத வழி ஏதும் உண்டா?

உண்டு. ஹீலியத்தை மிகக் குறைந்த அழுத்தத்தில் வைத்து, மின்னிறக்கத்தால் கிளர்வூட்டி, 1083 நானோமீட்டர் ஒளியால் நேரடியாகத் திருப்புவது. கோல்குரோவ், ஷியரர், வால்டர்ஸ் ஆகியோர் 1963இல் காட்டிய முறை. மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, முனைவாக்கமும் 70%ஐத் தாண்டும். குறை என்னவென்றால், ஒரு மில்லிபார் அளவிலான அழுத்தத்தில்தான் நன்றாக வேலை செய்யும். பிறகு முனைவாக்கம் கெடாமல் அமுக்கி அடைக்கச் சிறப்பு அமுக்கி வேண்டும். ஹாம்பர்கிலுள்ள டெசி ஆய்வகத்தில் ஹெர்மீஸ் பரிசோதனை 1995இல் இந்த வகை இலக்கைப் பயன்படுத்தியது. கற்றை திரும்பத் திரும்பச் சுற்றிவரும் சேமிப்பு வளையத்துக்குள் அடர்த்தி குறைந்த வாயுவே போதும் என்பதால் அங்கே இது பொருந்தியது.

நியூட்ரான் கற்றைக்கே இந்த வாயுவைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

சரிதான், அது இதே நுட்பத்தின் இன்னொரு கிளை. அங்கே ஹீலியம்-3 இலக்கு அல்ல, சல்லடை. ஹீலியம்-3 அணுக்கரு மெதுவான நியூட்ரானை விழுங்கி ஒரு புரோட்டானாகவும் டிரிட்டானாகவும் (டிரிட்டியத்தின் அணுக்கரு) பிளக்கும். வெப்ப நியூட்ரானுக்கு இந்த விழுங்கும் பரப்பு சராசரியாக 5,330 பார்ன் (அணுக்கருவின் பரப்பை அளக்கும் அலகு). ஆனால் இரண்டின் தற்சுழற்சியும் எதிரெதிராக இருந்தால் மட்டுமே இது நடக்கும். ஒரே திசை என்றால் ஏறக்குறைய எதுவும் நடக்காது. ஆக, திருப்பிவைத்த ஹீலியம்-3 வழியே நியூட்ரான் கற்றையை அனுப்பினால் ஒரு வகைத் தற்சுழற்சி வெளியே வரும், மற்றது உள்ளேயே தீர்ந்துபோகும். ஹீலியத்தைக் கவிழ்த்தால் சல்லடையும் கவிழும்.

காந்தப் பொருட்களின் உள்ளமைப்பை ஆராயும் கூடங்களுக்கு இது பெரிய வரம். பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள லாவே-லாஞ்ஜெவன் நிறுவனம், அமெரிக்காவின் நிஸ்ட், ஓக் ரிட்ஜ், ஜப்பானின் ஜே-பார்க் ஆகிய இடங்களில் இது அன்றாடக் கருவி. இங்கே அழுத்தம் ஒன்றிரண்டு வளிமண்டலம்தான் என்பதால் நல்ல கலங்களின் ஆயுள் நூற்றுக்கணக்கான மணி நேரம் வரை போகும். போரான் நியூட்ரானை விழுங்கும் என்பதால் போரான் இல்லாத ஜிஇ-180 கண்ணாடி இங்கே இரட்டிப்பாக உதவுகிறது.

இவ்வளவு பாடுபட்டு என்ன தெரிந்துகொண்டோம்?

1980களின் இறுதியில் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் நடந்த பரிசோதனை, புரோட்டானின் தற்சுழற்சியில், அதை ஆக்கும் அடிப்படைத் துகள்களான குவார்க்குகளின் பங்கு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்று காட்டி எல்லோரையும் உலுக்கியது. உடனே எழுந்த கேள்வி: நியூட்ரானில்? புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பற்றிக் கோட்பாட்டு இயற்பியலாளர் பியார்க்கன் 1966இல் சொன்ன விதியைச் சோதிக்கவும் நியூட்ரான் தேவைப்பட்டது. கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் 1992இல் நடந்த இ-142 பரிசோதனைதான் முனைவாக்கிய ஹீலியம்-3 கொண்டு நியூட்ரானின் தற்சுழற்சி அமைப்பை முதலில் அளந்தது. அதன் இலக்கில் முனைவாக்கம் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பின்வந்த பரிசோதனைகளும் சேர்ந்து அந்த விதி சரி என்று உறுதிப்படுத்தின.

1998 முதல் வர்ஜீனியாவின் ஜெஃபர்சன் ஆய்வகம் இந்த இலக்குகளின் தாய்வீடாயிற்று. 2004இல் அங்கிருந்து வந்த ஒரு முடிவு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நியூட்ரானின் உந்தத்தில் பெரும்பங்கைச் சுமக்கும் குவார்க்குகளைப் பார்த்தால், நியூட்ரானின் சமச்சீரின்மை (தற்சுழற்சியின் திசையைப் பொறுத்துச் சிதறலில் வரும் வித்தியாசம்) எதிர்க்குறியிலிருந்து நேர்க்குறிக்கு மாறுவது முதல் முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. அதோடு, புரோட்டானிலுள்ள டவுன் குவார்க்கின் தற்சுழற்சி அந்தப் பகுதியிலும் எதிர்ப்பக்கமே நிற்கிறது என்பதும் தெரிந்தது. குவார்க்குகளின் சுற்று இயக்கத்தைக் கணக்கில் எடுக்காத கோட்பாடுகளுக்கு இது கடும் சோதனை. மொத்தத்தில் மின்னூட்டமற்ற நியூட்ரானுக்குள் குவார்க்குகளின் மின்னூட்டம் எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் இதே வகை இலக்கில்தான் மேலும் மேலும் நுண்ணிய அளவில் அளக்கப்படுகிறது.

ஹீலியம்-3 எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி டிரிட்டியத்திலிருந்து. ஹைட்ரஜனின் கதிரியக்க வகையான, 12.3 ஆண்டு அரை ஆயுள் கொண்ட டிரிட்டியம் சிதைந்தால் ஹீலியம்-3 ஆகும். அணு ஆயுதங்களுக்காகச் சேமித்த டிரிட்டியத்தின் துணைப்பொருளாகவே அது உலகுக்குக் கிடைத்துவந்தது. எல்லைகளில் அணுப்பொருள் கடத்தலைக் கண்டறியும் கருவிகளுக்கு ஏராளமாக எடுக்கத் தொடங்கியதால் 2008, 2009 வாக்கில் கடும் தட்டுப்பாடு வந்தது. இலக்குக் கலத்துக்குச் சில லிட்டர் போதும் என்பது இத்துறைக்கு ஆறுதல்.

மருத்துவத்தில் பயன்பட்டதாமே?

ஆம். இதே முறையில் திருப்பிய வாயுவை நோயாளி உள்ளிழுத்தால், வழக்கமான எம்.ஆர்.ஐ.யில் கருப்பாகத் தெரியும் நுரையீரலின் காற்றறைகள் ஒளிர்ந்து தெரியும். 1990களில் ஹீலியம்-3 கொண்டு தொடங்கிய வேலை, தட்டுப்பாட்டுக்குப் பிறகு செனான்-129 பக்கம் நகர்ந்தது. செனான் முறைக்கு 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் கிடைத்தது. தற்சுழற்சி இலக்குகளைச் செய்த ஆய்வுக்குழுக்களின் கைவண்ணம் இதில் நேரடியாக இருக்கிறது.

இன்னும் புரியாதது எது?

சுவர்தான், மறுபடியும். கலம் குளிராக இருக்கும்போது ஆயுளை அளந்து, அதை வைத்து எவ்வளவு முனைவாக்கம் வரும் என்று கணக்குப் போட்டால், உண்மையில் கிடைப்பது எப்போதும் அதைவிடக் குறைவு. சூடாக்கி ஆவியைக் கூட்டும்போது ஓர் உபரி இழப்பு சேர்ந்துகொள்கிறது. அந்த இழப்பு ஆவியின் அடர்த்தியோடு சேர்ந்தே ஏறுகிறது. வரவும் அதே ஆவியின் அடர்த்தியோடுதானே ஏறுகிறது? ஆகவே இன்னும் சூடாக்கி, இன்னும் லேசர் கொடுத்து இதைத் தாண்ட முடியாது. கலத்துக்குக் கலம் அதன் அளவும் மாறுகிறது. 2006இல் இதை முறையாக அளந்து வெளியிட்டார்கள், துறையில் இதற்கு 'எக்ஸ் காரணி' என்றே பெயர். ருபீடியம் படிந்த கண்ணாடிச் சுவரில் அணு அளவில் என்ன நடந்து இந்த இழப்பு உண்டாகிறது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் இல்லை. மிகச் சிறந்த கலங்கள்கூட 80 சதவீதத்தை ஒட்டியே நின்றுவிடுவதற்குக் காரணம் இதுதான். புதிதாக இத்துறைக்கு வரும் மாணவர் யாராவது எந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.